மேலிருந்து திட்ட ஆளில்லை

வெள்ளிமலை,
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு.

அன்புள்ள பொன்னுரங்கம் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் செவ்வந்தி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை நலம். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

நான் எழுதுவது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அப்பா வாசற்படிக்குக் குறுக்கே படுத்திருக்கிறார். அவர் புரளும்போதெல்லாம் விளக்கைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு யாரும் கடிதம் போடக் கூடாது, சொல்லி அனுப்பவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் இருக்கும் காப்பித் தோட்டத்துக்கு நாளை முதல் பஸ்ஸில் செல்லமுத்து அண்ணன் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுவேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை அப்பா, அம்மா, நான் மூவரும் கள்ளக்குறிச்சி உழவர் சந்தைக்குப் போனோம். பலாப்பழம், மரவள்ளிக் கிழங்கு, கொஞ்சம் சாமை, கூடவே இரண்டு பாட்டில் தேன். போன வருடம் நீங்கள் மேலே கயிறு பிடிக்க, அப்பா பாறையில் தொங்கி எடுத்தாரே, அதில் மிச்சமிருந்த தேன். இந்த வருடம் அப்பா பாறைப் பக்கமே போகவில்லை. பழைய தேன் என்பதால் நன்றாகக் கறுத்துக் கெட்டியாகிவிட்டது.

டவுன்காரர் ஒருவர் பாட்டிலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். “இன்னாம்மா இது, தாராட்டம் கீது? வெல்லப்பாகு காச்சி ஊத்திக்கினு வந்துட்டீங்களா? மலைக்காரங்களும் இப்ப நல்லாத்தான் கத்துக்கினாங்க” என்றார். பக்கத்தில் கத்தரிக்காய் விற்றவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். போன வருடத்துத் தேன் என்று அப்பா சொல்லியிருக்கலாம். சொன்னால் இந்த வருடம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்களே, அதனால்தான் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். எழுந்து நின்று, “மலைக்கு வாய்யா. ஒன் கண்ணு முன்னால பாறையில எறங்கி எடுத்துக் காட்டுறேன். அப்ப நக்கிப் பாத்துட்டுச் சொல்லு” என்று கத்தினார். அந்த ஆள் பாட்டிலை வைத்துவிட்டு முள்ளங்கி வாங்கப் போய்விட்டார். அவர் வரவும் போவதில்லை. அவரோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அங்கே இசபெல்லா அக்கா நின்றிருந்தார். சென்னையில் ஒரு பத்திரிகையில் எழுதுகிறவர். ஒவ்வொரு பக்கமாகப் போய், அங்கே என்ன சாப்பிடுகிறார்கள், சந்தையில் என்ன கிடைக்கிறது, சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று எழுதுவாராம். கூடவே போட்டோ எடுக்கும் சவரியப்பன் என்பவர். “நாங்க வந்து பாக்கலாங்களா?” என்று அக்கா கேட்டார். அப்பா உடனே சரி என்றார். வெளிச்சம் இருந்தால்தான் படம் விழும் என்று போட்டோக்காரர் சொன்னதற்கும் சரி என்றார். மாமா, பகலில்! அமாவாசை இருட்டிலேயே அந்தத் தேனீக்கள் விடாது. காலை வெயில் ஏறியதும் இறங்கப் போகிறார்.

அவர்களைத் தப்பாக நினைக்காதீர்கள். நல்லவர்கள். மறுநாளே மலைக்கு வந்துவிட்டார்கள், அடுத்த ஞாயிறு வரை சுற்றிப் பார்ப்பதாக. அம்மா சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் ஆக்கினாள். இசபெல்லா அக்கா குழம்பு காரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். வேகவைத்த மரவள்ளியைக் காந்தாரி மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்ற போட்டோக்காரர் குடத்துத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டார். கோமுகி அணையில் பொரித்த மீன்கூட இவ்வளவு ருசியில்லை என்றார். அம்மாவுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. இலைகளையும் கீரைகளையும் எடுத்துக் காட்டி அக்கா என்னிடம் பேர் கேட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இவ்வளவு கேள்விக்கு நான் பதில் சொன்னதேயில்லை.

சோறு போடும்போது, கயிறு யார் பிடிப்பார்கள் என்று அக்கா கேட்டார். “எந்தம்பி ராசு இருக்கான்” என்றார் அப்பா. அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர்கள் போன பிறகு அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “பங்காளி கையில கயிறா?” அப்பா சொன்னார், “ஒந்தம்பி வர்ற வரைக்கும் தேனீ காத்துக்கினு இருக்குமா?” அதிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ராசு சித்தப்பா கெட்டவர் இல்லை. அம்மா கேட்டதற்குக்கூட, “கயிறு கயிறுதான் அண்ணி, யார் புடிச்சா இன்னா?” என்று சிரித்தார். ஏன் பெண்டாட்டியின் தம்பிதான் பிடிக்க வேண்டும் என்று உங்களிடம் நான் முன்பு கேட்டேன். அக்கா தாலிக்கு ஆபத்து வர எந்தத் தம்பியும் கையை விடமாட்டான் என்றீர்கள். அது மட்டுமில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது.

போன வருடம் நானும் அம்மாவும் பாறைக்குக் கீழே நின்றோம். இருட்டில் அப்பா தெரியவில்லை, புகைப்பந்தத்தின் சிவப்பு மட்டும்தான் தெரிந்தது. மேலேயிருந்து நீங்கள் திட்டிக்கொண்டே இருந்தீர்கள். “யோவ் மாமா, எங்கக்காவுக்கு ஒரு மூக்குத்தி வாங்கித் தர துப்பில்ல, தேனடையத் தொட வந்துட்டியா?” உடனே கீழேயிருந்து அப்பா, “உங்கக்கா கிண்டுன களி கல்லாட்டம் வயித்துல கெடக்குது, கயிறு தாங்குமா பாருடா!” என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் நீங்கள் எங்கள் தாத்தாவைப் பற்றி என்னவோ சொன்னீர்கள். அதற்கு அப்பாவிடமிருந்து பதில் வரவில்லை. இன்னொரு தடவை திட்டிப் பார்க்கக்கூட இல்லை, நீங்கள் இழுக்க ஆரம்பித்துவிட்டீர்கள். நாங்கள் சுற்றி மேலே ஏறி வந்து பார்த்தபோது அப்பாவுக்குக் கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன, நாக்கு புரளவில்லை. பதில் சொல்லும் வரைதான் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அதற்காகத்தான் அந்தத் திட்டு.

சித்தப்பா அண்ணனைத் திட்டுவாரா மாமா? முறை இல்லையே. “அண்ணா, நல்லா இருக்கியா?” என்று கேட்பார். அப்படிக் கேட்டால் அப்பா எப்போது பதில் சொல்லியிருக்கிறார்? நன்றாக இருந்தாலும் ‘உம்’ என்பார், இல்லாவிட்டாலும் ‘உம்’ என்பார். காற்றில் அதுவும் கேட்காது.

அப்பா இருமினார். விளக்கை ஊதி அணைத்துவிட்டு இவ்வளவு நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். மறுபடி தூங்கிவிட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. நேற்று மேகம் அருவிக்கு அவர்களைக் கூட்டிப் போனேன். போட்டோக்காரர் பாசியில் வழுக்கி விழுந்தார். இடுப்பளவு தண்ணீரிலும் கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே தைரியம் வந்து, பகலில் தேன் எடுப்பது வழக்கமில்லை, வேண்டாம் என்று இசபெல்லா அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா முகம் மாறிவிட்டது. சாயங்காலமே அப்பாவிடம், படம் வேண்டாம், அருவியும் சந்தையும் சாப்பாடும் எழுதினால் போதும் என்றார். அப்பாவுக்கு அது வேறு மாதிரி பட்டுவிட்டது. “நீங்களும் வெல்லப்பாகுன்னுதான் நெனைக்கிறீங்களா?” என்று கேட்டார். அக்கா என்ன சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. “நீங்க வந்தாலும் வராட்டியும் ஞாயித்துக்கெழம எறங்குவேன்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டார். யார் போய்ச் சொன்னது என்று இன்று காலையிலிருந்து என்னையே பார்க்கிறார்.

மாமா, தை மாதத்தில் நடந்ததைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. நான் பெரியவளானபோது எனக்குப் பச்சைக் குடிசை கட்ட வேண்டியது நீங்கள். பஸ் தாமதம். நேரம் போகிறது என்று அப்பா சித்தப்பாவைக் கட்டச் சொல்லிவிட்டார். தழையெல்லாம் வைத்து முடித்த பிறகு நீங்கள் சீரோடு வந்து நின்றீர்கள். “ஒரு பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியலையா மாமா?” என்று கேட்டதும், சேலைப் பையை முருங்கைக் கிளையில் மாட்டிவிட்டுத் திரும்பி நடந்ததும் நான் குடிசைக்குள்ளிருந்து கேட்டேன், பார்த்தேன். வெளியே வரக் கூடாது என்பதால் கூப்பிடவில்லை. அந்தச் சேலை இன்னும் பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. நீங்கள் கையால் கொடுக்காமல் கட்டமாட்டேன்.

சித்தப்பா கட்டிய குடிசையிலும் நான் இருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு தழைகூட விழவில்லை. ஆனால் குடிசை தரையில்தானே நின்றது.

உங்களைக் கயிறு பிடிக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வந்து நின்றால் பகலில் இறங்கவே விடமாட்டீர்கள். “யோவ் மாமா, அறிவு கெட்டுப்போச்சா?” என்று அப்பாவை முகத்துக்கு நேரே கேட்க இந்த மலையில் உங்கள் ஒருவருக்குத்தான் முறை இருக்கிறது. அதற்கு மட்டும்தான் அவர் அடங்குவார். சனிக்கிழமை கடைசி பஸ்ஸுக்கு வந்தால்கூடப் போதும்.

இன்னொன்று. எழுதலாமா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்பா தினமும் கடைசி பஸ் வரும் நேரத்துக்கு, அது வந்து நிற்கும் மேட்டுக்குப் போகிறார். கேட்டால் தீப்பெட்டி வாங்கப் போவதாகச் சொல்கிறார். எல்லோரும் இறங்கி, பஸ் திரும்பிப் போன பிறகுதான் வருகிறார். தீப்பெட்டி நம் வீட்டுக்கு எதிர்க்கடையிலேயே கிடைக்கும். அவர் வாங்கி வந்த பெட்டிகளெல்லாம் மாடத்தில் பிரிக்காமல் இருக்கின்றன. இன்றும் ஒன்று வாங்கி வந்தார்.

அங்கே கொல்லிமலையில் இருக்கிற அரப்பளீஸ்வரரும் இங்கே நம் கரியராமரும் உங்களுக்கு நல்ல வழித்துணை கொடுக்கட்டும். இந்த முறை பஸ் தாமதமாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். தாமதமானாலும் வாருங்கள். மேட்டில் ஆள் நிற்கும்.

உங்கள் கையால் சேலை வாங்கக் காத்திருக்கும்,
செவ்வந்தி