அப்பாவின் நம்பரும் என் பாஸும்

சேசு மரி சூசை

காக்ஸ் டவுன்,
பெங்களூர்.

அன்பு மகள் லவினாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே குவாஹாத்தியில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், வலி குறைந்ததா, ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்களே ஏற்றினார்களா? போனில் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா, சின்ன ஆபரேஷன்தான்" என்று வைத்துவிடுகிறாய். கர்ப்பப்பையை எடுப்பது சின்ன ஆபரேஷனா? மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, பிள்ளை ஹாஸ்டலில், கண் விழிக்கும்போது உன் தலைமாட்டில் யார் இருப்பது? நான்தான் இருக்க வேண்டும். அதற்காக இந்த மாசம் நான் பட்ட பாட்டைப் போனில் சொல்லலாம் என்றால் ஹாலில் உன் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான். அதனால் எழுதுகிறேன். நாலாங்கிளாஸ் எழுத்துதான், பொறுமையாகப் படி.

நீ ஃப்ளைட் டிக்கெட் போடுகிறேன் என்றபோது நான் வேண்டாம் என்றது காசை மிச்சம் பிடிக்க இல்லை. தாலி ஏறின நாளிலிருந்து நான் காசு கொடுத்து ரயில் ஏறினவள் இல்லை, பிளேனைப் பற்றிப் பேசவே வேண்டாம். எனக்கு வருகிற பாஸ் யாரும் போட்ட பிச்சை இல்லை. உன் அப்பா கூட்ஸ் வண்டி கார்டாக, கடைசிப் பெட்டியில் தனியாக ஆடி ஆடிப் போய்ச் சம்பாதித்தது. கிறிஸ்மஸ் ராத்திரிப் பூசையில் அவர் நம்மோடு நின்றதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதற்குத்தான் அவர் போன பிறகும் ரயில்வே எனக்குப் பாஸ் கொடுக்கிறது. முன்பெல்லாம் ஆபீஸில் கையால் எழுதி சீல் அடித்துத் தருவார்கள், அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். உள்ளே போக வேண்டுமென்றால் போனுக்கு ஒரு ஓடிபி வருமாம். அது யார் போனுக்குப் போகிறது தெரியுமா? உன் அப்பா நம்பருக்கு. அந்த நம்பரை உன் அண்ணன் என்ன செய்தான்? "யாரும்மா அதுல பேசப் போறாங்க, சும்மா எதுக்கு ரீசார்ஜ்" என்று விட்டுவிட்டான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் போனபின் நான் எங்கேயும் கிளம்பாததால் இது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு இருபத்தொன்று முடிந்து பாஸில் பேரை எடுத்த வருஷம் வேளாங்கண்ணிக்குப் போனோமே, நாமெல்லாம் பாஸில் உட்கார்ந்திருக்க அவன் மட்டும் டிக்கெட் வாங்கி, விழுப்புரம் வரை மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தானே, அந்தக் கோபம்தான் இது என்று சொன்னேன். "உனக்கு மறதியே வராதாம்மா?" என்றான். வராது.

பாஸ் ஆபீஸுக்கு உன் அண்ணி யூனிஸைக் கூட்டிக்கொண்டு போனேன். நம்பரை மாற்ற எழுதி வாங்கிக்கொண்டு "ஸ்வல்ப டைம் ஆகும் அம்மா" என்றார்கள். என் மகளின் ஆபரேஷன் டைம் பார்த்துக் காத்திருக்குமா? வெளியே வந்ததும் உன் அப்பா நம்பருக்கே போன் போட்டேன். அடித்தது. ஒரு பொம்பளை எடுத்தாள். புருஷன் நம்பரில் வேறொருத்தி ஹலோ சொன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே யோசித்துப் பார். ஃபாத்திமாவாம், ஈஜிபுராவில் துணி தைக்கிறாளாம், கடையில் புது சிம் வாங்கினபோது இந்த நம்பரைக் கொடுத்தார்களாம். விஷயத்தைச் சொல்லி, ஓடிபி வந்தால் படித்துச் சொல்லம்மா என்றேன். "அய்யோ, ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாதும்மா, எங்க அண்ணி இப்படித்தான் சொல்லி பேங்க்ல இருந்ததெல்லாம் போச்சு" என்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், வைத்தாள். மறுபடி போட்டேன். ரயில்வேக்காரன் பெண்டாட்டியைத் திருடி என்கிறாயா என்று கத்தினேன். கடைசியில் அவளே "நேர்ல வாங்க, மூஞ்சியப் பார்த்துட்டு சொல்றேன்" என்றாள்.

யூனிஸ் அரை நாள் லீவு போட்டாள், அதை இன்னும் பத்து வருஷம் சொல்லிக்காட்டுவாள். மாடிப்படி ஏற முட்டி என்னைக் கொன்றுவிட்டது. ஃபாத்திமா என் பென்ஷன் புத்தகத்தைப் பார்த்தாள், அப்பா போட்டோவைப் பார்த்தாள், டீ கொடுத்தாள். "யார் யாரோ கார்டு சார் இருக்காரான்னு கேப்பாங்கம்மா, ராங் நம்பர்னு சொல்லிச் சொல்லி எனக்கே பாவமாப் போச்சு. இனிமே கேட்டா என்ன சொல்றது?" என்றாள். டூட்டிக்குப் போயிருக்கார் என்று சொல்லு என்றேன். சிரித்துவிட்டு போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். யூனிஸ் லேப்டாப்பைத் திறந்தாள், அவள் படிக்க இவள் தட்ட, பாஸ் வந்துவிட்டது. இத்தனை நாள் நாயாய் அலைந்தது இந்த ஒரு நிமிஷ வேலைக்கு.

ஆனால் கேள். குவாஹாத்தி வண்டியில் உன் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பெர்த் கிடையாது, எல்லாம் வெயிட்டிங். "முன்னாடியே போட்டிருந்தா கிடைச்சிருக்கும் அத்தை" என்றாள் யூனிஸ். ராத்திரி சாப்பிடும்போது நான் உன் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். பழைய காலமாக இருந்தால் கதவோரம் பேப்பர் விரித்துக்கூட வந்திருப்பேன், இப்போது இந்த முட்டியை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று ராத்திரி முடியாது. அவரையும் அந்தப் பாஸையும் விட்டுவிட்டு வருவது போல இருக்கிறது, இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் நீ அங்கே தனியாகப் படுத்திருக்க நான் இங்கே ரோஷத்தைக் கட்டிக்கொண்டு என்ன செய்யப் போகிறேன். ஃப்ளைட் டிக்கெட் போட்டுவிடு. வருவதற்கு மட்டும் போடு, திரும்பிப் போவதற்கும் சேர்த்துப் போட்டாயானால் நான் ஏற மாட்டேன். அடுத்த மாசம் ஊர் திரும்புவதற்குப் பாஸில் கீழ் பெர்த் கிடைத்துவிட்டது. வரும்போது நீ கூட்டிக்கொள், போகும்போது உன் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

கனமான எதையும் தூக்காதே, பேரீச்சம்பழம் சாப்பிடு, பயப்படாதே. ஆண்டவர் உன் கூடவே இருந்து உன்னைக் காப்பாற்றுவார், மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் என் ஆசீர். டிக்கெட்டை எதிர்வீட்டு ருக்குவின் போனுக்கு அனுப்பு. உன் அண்ணன் நம்பருக்கு மட்டும் அனுப்பாதே.

உன் அம்மா,
ரெஜினா ஆம்ப்ரோஸ்