பின்வரிசையில் என் இடம்

அன்பு மகன் றிஸ்கானுக்கு, கற்பிட்டியிலிருந்து வாப்பா அத்தாஉல்லா சொல்ல, உன் தங்கை நஸ்ஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். போனில் கதைத்தால் "ஓம் வாப்பா, ஓம் வாப்பா" என்றுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் நாளைக்கே கட்டார் திரும்புகிற அஸாமின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நாங்கள் சுகம். உம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. காற்று எழும்பிவிட்டது, தோணிகள் கரையில் கிடக்கின்றன.

வருகிற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நம் உதைபந்தாட்டக் கழகம் இஸ்ஹாக்குக்கு விழா எடுக்கிறது. நான் பொன்னாடை போர்த்தி நாலு வார்த்தை பேச வேண்டுமென்று நீயும் உன் கூட்டாளிமாரும் அங்கிருந்து சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். செலவும் உங்களுடையதாம். என் மகன் வெயிலில் உழைத்து இஸ்ஹாக்குக்குப் பந்தல்!

"இருபத்திரண்டு வருடம் ஒரே கழகம், கொழும்புக் கழகம் வந்து கூப்பிட்டும் போகாத வீரர்" என்று ஒலிபெருக்கியில் சொல்லித் திரிகிறார்கள். அவன் ஏன் போகவேண்டும்? அவன் வாப்பாவுக்கு வெங்காயத் தோட்டம் இருந்தது. சோளகக் காற்றில் நம் கடல் கொந்தளிக்கிற மாதங்களில்தான் இங்கே போட்டிகள். அந்தக் காலத்தில் அதே மாதங்களில் நாங்கள் வலையையும் சட்டிபானையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு, கிழக்கே கடல் அடங்கிக் கிடக்கிற கொக்கிளாய்க் கரையில் வாடிக் குடிசை போட்டு மீன்பிடிக்கப் போய்விடுவோம். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

இடது பக்கப் பின்வரிசை முதலில் என்னுடைய இடம், மகன். நான் வாடிக்குப் போன வருடம், ஆள் இல்லையென்று இஸ்ஹாக்கை இறக்கினார்கள். திரும்பி வந்தால், கோப்பையோடு எடுத்த படம் கழகச் சுவரில் தொங்குகிறது. நடுவில் அவன். அப்போதைய செயலாளர் என்னிடம், "கொஞ்சம் பொறுங்க அத்தாஉல்லா, புள்ள நல்லா வெளையாடுது" என்றார். இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நன்றாகத்தான் ஆடினான், இல்லையென்று சொல்லவில்லை. எதிராளியின் காலில் படாமல் பந்தை மட்டும் கழற்றி எடுப்பான். விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கியும் விடுவான். அதுவும் எனக்குப் பிடிக்காது. உன் உம்மா ஓர் ஆட்டமும் பார்த்தவளில்லை. அவள்கூட, "இஸ்ஹாக் நானா அடிச்ச பந்து கோட்டையத் தாண்டிப் போய் உழுந்திச்சாமே" என்கிறாள். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை எங்கே, மைதானம் எங்கே! நஸ்ஹா எழுதுவதை விட்டுச் சிரிக்கிறாள்.

முந்தாநாள் அவனே வீட்டுக்கு வந்தான். "மச்சான், ஒங்கட எடத்துலதான் நான் இவ்வளவு காலமும் நிண்டன். மேடையில நீங்க அதச் சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்றான். இப்படியொரு கதையைச் சொல்லிவிட்டு, பிளேன்டீயையும் குடித்துவிட்டுப் போகிறவன் மேல் மனிதன் எப்படி நிம்மதியாகப் பொறாமைப்படுவது?

சரி, போகிறேன். பொன்னாடையும் போர்த்துகிறேன். நீங்கள் அங்கே போனில் பார்ப்பீர்களாமே. படம் பிடிக்கிறவனுக்கு ஒரு சொல் சொல்லிவை: இஸ்ஹாக்கின் முகத்தையே காட்டிக்கொண்டிருக்காமல், போர்த்துகிறவனையும் கொஞ்சம் காட்டட்டும். யாரந்தக் கிழவன் என்று உன் கூட்டாளிமார் கேட்டால், நீ சொல்லு மகன்.

உன் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். வஸ்ஸலாம்.

உன் வாப்பா