தாழ்ப்பாள்

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

வெள்ளைக்கார நர்சுகள் தங்கும் வீட்டுக்கு நீங்கள்தான் காவல், ஈ காக்கை நுழைய முடியாது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வாயில் நன்றாக வருகிறது.

இங்கே வெள்ளைக்காரப் பட்டாளம் நம் தெருமுனையில் கூடாரம் போட்டிருக்கிறது. போன வாரம் நம் வீட்டுத் தாழ்ப்பாள் உடைந்தது. நான் ஆலையில் இருந்தேன். உங்கள் தங்கை மட்டும்தான் வீட்டில்.

"எப்படிம்மா உடைஞ்சுது?" என்று தச்சர் கேட்டார்.

"காத்துல" என்றேன். நான் சொல்லாமலே அவர் இரண்டு தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார்.

ஸ்டேஷனுக்கும் போனேன். "உன் புருஷனும் அதே பட்டாளந்தானேம்மா" என்று சிரித்தான் ஏட்டு.

லீவில் வந்தால் அந்தக் காக்கிச் சட்டையோடு வாசலில் நிற்காதீர்கள். உங்கள் தங்கை கதவைத் திறக்கமாட்டாள். நானும் திறக்கச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்குக் காவல் இருப்பவள்