குழாய்ச் சுவரில் சாக்பீஸ்

ஏப்ரல் 14, ஞாயிறு

இந்தக் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். ஒரு எழுத்து கோட்டுக்கு மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே சரிகிறது. ஆயுள் முழுக்கச் சுத்தியல் பிடித்த கை, பென்சிலையும் அப்படியே பிடிக்கிறது. முனை உடைந்துகொண்டே இருக்கிறது.

நடந்ததை நீங்களே எழுதுங்கள், பார்த்து எழுதாதீர்கள் என்று முதியோர் வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். சரி. என் பெயர் சிட்டுமா. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். நான்தான்.

சர்க்கரை ஆலையில் பாய்லர் குழாய் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மழைக்கு ஆலை நிற்கும்போது பழைய ஆட்களைக் கூப்பிடுவார்கள். இந்த முறை மூன்றாவது பாய்லரில் புதுக் குழாய்கள். ஒவ்வொன்றின் வாயையும் விரித்து, தண்ணீர் நிற்கும் பெரிய இரும்பு உருளையான டிரம்மில் இறுக்கினோம், நானும் என்னோடு ஓய்வு பெற்ற லுஸ்வெட்டியும். வரைபடம் போட்டது என் மருமகள் நெலிமா. அவள் அங்கே இன்ஜினியர். என் மகன் மகோகா அந்தப் பாய்லரின் முன்னால் நின்று தீ பார்ப்பவன்.

வரைபடத்தின் மூலையில் ஏதோ எழுதியிருந்தது. யாரையும் கேட்காமல் நானே கூட்டிப் படித்தேன். 'நெலிமா.' படித்ததும் வேலை ஓடவில்லை. ஏன் நிற்கிறாய் என்று லுஸ்வெட்டி கேட்டான். பசிக்கிறது என்றேன்.

ஏப்ரல் 16

நாளை தீ மூட்டுகிறார்கள். மழை விடவில்லை.

ஏப்ரல் 17

தீ நன்றாகத்தான் பிடித்தது. ஆவி ஏறியது. காலையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பாய்லரை முழு வேகத்துக்குக் கொண்டுபோனார்கள் — உறுமத் தொடங்கியது. எப்படி எழுதுவது? பெரிய பீப்பாய்க்குள் மாடு கத்துவது போல. காதில் கேட்பதைவிட வயிற்றில் கேட்டது. தீயைக் குறைத்தால் நிற்கிறது, ஏற்றினால் மறுபடி.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி நசிகே வாசலில் நிற்கிறாள். ஆலை வேலிக்கு அடுத்ததுதானே எங்கள் வீடு. அலமாரியில் தகரக் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டனவாம். "உங்க மருமக பாய்லரு அழுவுது" என்றாள்.

ஏப்ரல் 18

இன்றும் உறுமியது.

ஏப்ரல் 20

அவள் என்ன செய்தாள் என்று எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். எழுதினால் தெளியுமா பார்க்கலாம்.

தீ எரியும் அறையைச் சுற்றிக் குழாய்ச் சுவர். குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்; நடுவில் இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்து ஒரே சுவராக்கியிருக்கிறாள். உள்ளே தண்ணீர். அது அழகு, அதில் குறையில்லை. அதற்குப் பின்னால் மேல் டிரம்முக்கும் கீழ் டிரம்முக்கும் நடுவே குழாய்க் காடு. புகை அதற்குள் புகுந்து சூட்டைக் கொடுத்துவிட்டுப் புகைபோக்கிக்குப் போக வேண்டும். முன்பு அந்தக் காட்டுக்குள் தடுப்புச் சுவர்கள் இருந்தன. புகை மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி ஏறும். எங்கள் ஊர்க் கரும்பில் மண் அதிகம். சக்கை எரிந்தால் மணலும் புகையோடு பறக்கும். திரும்புகிற மூலையில் எல்லாம் குழாயைச் சீவிவிடும். வருடா வருடம் அந்த மூலைகளில் ஓட்டைக் குழாய்களுக்கு அடைப்பு வைத்துத்தான் எனக்கு முதுகு போனது.

அவள் தடுப்புகளை எடுத்துவிட்டாள். ஒரே நேர் பாதை. குழாய்களுக்கு நடுவே இடம் கூட்டி, புகை மெதுவாகப் போகிற மாதிரி. வரைபடத்தைப் பார்த்தபோது, இது எனக்கு இருபது வயதில் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இப்போது இந்த உறுமல்.

மகோகா வந்தான். உகாலிக் களியைப் பிட்டுப் பிட்டு வைத்தான், வாயில் போடவில்லை. மே நடுவில் கரும்பு வந்துவிடும். அதற்குள் சத்தம் நிற்காவிட்டால் பழைய தடுப்புகளையே கட்டிவிட்டு நெலிமாவை அனுப்பிவிடப் போகிறார்களாம். பிறகு சொன்னான்: "ஆபீஸ்ல ஒருத்தர், குழாய இறுக்கினது கெழவனுங்க, அங்கதான் தளந்திருக்கும்னாரு. இவ எழுந்து, மூட்டெல்லாம் சரியா இருக்குன்னுட்டா. சும்மா தலையாட்டியிருந்தா அவ தப்பிச்சிருப்பா, பாபா."

அவன் போன பிறகும் அதே யோசனை. மூட்டு சரி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மாமனார் பெயர் கெடக் கூடாது என்று சொன்னாளா? அப்படியென்றால் என் கையின் தப்பை அவள் தலையில் தாங்குகிறாள். இதை அவளிடம் எப்படிக் கேட்பது?

எங்கள் இனத்தில் மாமனாரும் மருமகளும் கை கொடுப்பதில்லை. அடைத்த இடத்தில் சேர்ந்திருப்பதில்லை. முற்றத்தில் தள்ளி நின்று நலம் கேட்போம், அவ்வளவுதான். நல்ல வழக்கம். இதுவரை அது எனக்கு இடித்ததேயில்லை.

ஏப்ரல் 22

ஆலை வாசல் தேநீர்க் கடை. லுஸ்வெட்டிக்குச் சந்தேகமே இல்லை. கீழ் டிரம் பக்கம் ஒரு குழாய் ஆடுகிறது, ஆப்பு அடித்தால் அடங்கிவிடும் என்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆப்பு வேண்டாம், சூட்டில் குழாய் நீள இடம் வேண்டும் என்று நெலிமா சொல்லி அனுப்பினாள். கோபம் வந்தது. யாரிடம் குழாயைப் பற்றிச் சொல்கிறாள்? — பிறகு, சரிதான், அது நீளும் என்று நினைவு வந்தது. அப்போதும் கோபம் போகவில்லை.

உள்ளே போய்ப் பார்க்காமல் தீராது. நெலிமாவால் குழாய்க் காட்டின் முகப்புவரைதான் போக முடியும். அவள் உயரத்துக்கும் தோளுக்கும் அதற்கு மேல் இடமில்லை. லுஸ்வெட்டி வயிறு நுழைகிற துளையிலேயே நின்றுவிடும். நான் ஒல்லி.

"போ சிட்டுமா, உன்ன மாதிரி எலும்புக்குத்தான் அந்தப் பாதைய வரைஞ்சிருக்கா" என்றான் லுஸ்வெட்டி. "செத்துட்டீன்னா கயித்த மூணு தடவ இழு."

ஏப்ரல் 24

போனேன். பாய்லர் ஆறிக் கிடந்தது. லுஸ்வெட்டி வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டான். சாம்பல் மூக்கில், காதில், பல்லில். வரிசைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்து ஒவ்வொரு மூட்டையும் தட்டினேன். எல்லாம் இறுக்கமான சத்தம்தான். தளர்வு இல்லை, தளர்வு இல்லை — அப்படியே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஆனால் என் காதை நம்பலாமா? அது என் மூட்டு. என் காது அதற்குச் சாதகமாகத்தானே கேட்கும்?

இன்னொன்று பார்த்தேன். குழாய்களைத் தாங்கும் பட்டைகள் உரசி உரசிப் பளபளவென்று இருந்தன. இரண்டு ஓரச் சுவருக்கும் நட்ட நடுவில் மட்டும். ஓரத்துக் குழாய்களில் கருப்பு அப்படியே இருக்கிறது. ஏன் என்று புரியவில்லை.

வெளியே வந்து லுஸ்வெட்டியிடம் சொல்லி, அவளிடம் சொல்லச் சொன்னேன். அவள் கொட்டகையின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

ஏப்ரல் 25

லுஸ்வெட்டி நான் சொன்னதைச் சொல்லவில்லை. கீழ் டிரம் பக்கம் தளர்வு என்று சொல்லியிருக்கிறான்! அவள் பாவம், மதியம் முழுக்கச் சேற்றிலும் சாம்பலிலும் குனிந்து தேடி, ஒன்றும் காணாமல் வந்திருக்கிறாள். கேட்டால், "நீ பாத்ததைத்தான் சொன்னேன். நீ பாத்தது அதுதான், உனக்குத் தெரியல" என்கிறான். நல்லவன்தான். அவன் வாய் வழியாக எதுவும் அப்படியே போகாது.

வகுப்பிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்து வந்தேன். ஆசிரியை பார்த்தார், கேட்கவில்லை.

ஏப்ரல் 26

மறுபடி உள்ளே. பளபளப்பு இருந்த இடத்திலெல்லாம் கோடு போட்டேன். அது நாங்கள் எப்போதும் செய்வதுதான். அவள் வந்து நிற்கிற முகப்பில், குழாயின் கருப்பின் மேல், எழுத்து எழுத்தாக எழுதினேன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.

'உரசல் நடுவில் மட்டும். ஓரத்தில் இல்லை.'

இறங்க மனமில்லை. பக்கத்துக் குழாயில் இதையும் எழுதினேன்: 'மூட்டு தளர்வு என்றால் சொல். மறைக்காதே.'

அவள் என் எழுத்தைப் பார்த்துச் சிரிப்பாளோ? குழாய் உருண்டை வேறு, எழுத்து வளைந்து பின்னால் ஓடிவிட்டது. நான் இறங்கிக் கொட்டகையைத் தாண்டும்வரை அவள் காத்திருந்து, பிறகு ஏறினாள்.

ஏப்ரல் 27

என் எழுத்துக்குக் கீழே அவள் எழுத்து! வரிசையாக, நேராக.

'மறைக்கவில்லை. தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் கசியவில்லை. நடுவில் உரசல் எந்த வரிசையில் தொடங்குகிறது? எதில் முடிகிறது?'

முதல் பாதியைப் பலமுறை படித்தேன். கசியவில்லை. மரியாதைக்குச் சொன்னதில்லை, பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். டார்ச் மங்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டாம் பாதி ஞாபகம் வந்தது. வரிசையைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன். நாளை ஞாயிறு. திங்களன்று.

ஏப்ரல் 29

போகவில்லை.

நேற்று பூசா என்கிற தானியக் கள் குடிக்கிற இடத்தில் லுஸ்வெட்டி வேடிக்கையாகத்தான் சொன்னான், பாய்லருக்குள் கடிதம் போகிறது வருகிறது என்று. எல்லோரும் கள் பானையில் விட்ட உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தன், "எழுதப் படிச்சதே மருமகளுக்கு இருட்டுல எழுதத்தானா?" என்றான். யாரும் அதற்குச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. லுஸ்வெட்டி முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

எனக்குத்தான் தெரியாமல் போனதா? அடைத்த இடம் அடைத்த இடம்தானே. அவள் பெயர் இதில் அடிபட்டால்? வேலையும் போய், பெயரும் போய் —

எழுத்து வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 30

நசிகேயிடம் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரியும். கிணற்றடியில் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். கீரை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க உள்ள இருக்கும்போது அவ எங்க?"

வெளியே, கொட்டகைக்கு அந்தப் பக்கம் என்றேன்.

"அவ உள்ள இருக்கும்போது?"

நான் வெளியே.

"அப்ப வழக்கத்தக் காப்பாத்தத்தானே எழுதினீங்க. இல்லாட்டி ரெண்டு பேரும் ஒண்ணா ஏறியிருப்பீங்க. அவ ஒண்ணு கேட்டு எழுதிட்டுக் காத்துக்கிட்டு இருக்கா. குடிகாரன் பேச்சுக்காக அந்தப் புள்ள வேலைய விட்டுப் போகணுமா?" கத்தியை வைத்தாள். "நாளைக்கு நானும் வரேன். கயித்த நான் புடிக்கறேன். எவன் என்ன பேசறான்னு பாக்கறேன்."

மே 1

விடுமுறை. ஆனாலும் மகோகா காவலாளியிடம் சொல்லித் திறந்து வைத்தான். நசிகே கயிற்றைப் பிடித்தாள், கன்றுக்குட்டியைக் கட்டிய மாதிரி இழுத்து இழுத்துப் பார்த்தாள். வரிசைகளை எண்ணி முகப்பில் எழுதினேன். இரண்டாவதில் தொடக்கம். பதினான்காவதில் முடிவு. அதற்குப் பின்னால் கருப்பு.

இருமல். சாம்பல் நெஞ்சில் இறங்கிவிட்டது. நசிகே இஞ்சி காய்ச்சினாள், திட்டிக்கொண்டே.

மே 3

மகோகா வழியாகச் செய்தி. அவள் முதலிலேயே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாளாம். ஆனால் உறுதி இல்லை, மேலாளரிடம் காட்டப் பயம். குழாய்களைத் தாண்டும் புகை சுழிக்கிறது, அந்தச் சுழிப்பு இரண்டு ஓரச் சுவருக்கும் நடுவே முட்டி முட்டிக் குரலாகிறது, பாதை அகலமாக இருப்பதால் அதற்கு ஆட இடம் கிடைக்கிறது. ஆட்டம் அதிகமாக இருப்பது நடுவில். தடுப்பை எடுத்தபோது இதை யோசிக்காமல் விட்டது தன் தப்பு என்று மேலாளரிடமே சொல்லிவிட்டாள். அகலத்தை இரண்டாகப் பிரித்தால் போதும். நடுவில் ஒரு தகடு, புகை போகும் திசையிலேயே. மறிக்காது, திருப்பாது. இரண்டாம் வரிசையிலிருந்து பதினான்குவரை.

எனக்குப் பாதிதான் புரிந்தது. அகலமான பாதையில் புகை பாடுகிறது என்று எழுதிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு முறை சோதிக்க அனுமதி. அதற்கு மேல் கிடையாது.

மே 7

தகடு இறங்கிவிட்டது. லுஸ்வெட்டி வெளியே நின்று துண்டு துண்டாக உள்ளே கொடுத்தான், நான் வாங்கிப் பொருத்தினேன். பூசா இடத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. கடைசித் துண்டைக் கொடுக்கும்போது, "நான் விளையாட்டாச் சொன்னதுடா" என்றான். டார்ச்சைக் கொடு என்றேன்.

வெளியே வரும் முன் முகப்பில் பார்த்தேன். அவள் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தாள். 'சாம்பலில் போதும், பாபா. இருமலைப் பாருங்கள்.'

மே 8

இன்று சோதனைத் தீ. நான் போகவில்லை. அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். உறுமல் தொடங்கிய நாளே நசிகே கோப்பைகளை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டாள். ஒன்றே ஒன்றை எடுத்து அலமாரி விளிம்பில் வைத்து, அதையே பார்த்தேன். புகைபோக்கியில் வெள்ளைப் புகை. பிறகு கரும்புகை. தீயை ஏற்றுகிறார்கள். இன்னும் ஏற்றுகிறார்கள். இப்போது. இப்போது —

மழைதான் கேட்டது.

மே 12, ஞாயிறு

கரும்பு வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. சாலை முழுக்கச் சேறு. தகடு யோசனை தன்னுடையது என்று லுஸ்வெட்டி கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். சொல்லட்டும்.

மாலையில் மகோகாவும் நெலிமாவும் வந்தார்கள். அவள் முற்றத்தில், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றாள். இருமல் எப்படி என்று கேட்டாள். குறைந்திருக்கிறது என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

அங்கே எழுதியதெல்லாம் தீ மூட்டிய அன்றே எரிந்திருக்கும், என்னுடையதும் அவளுடையதும். நான் எழுதியதை இன்னொருவர் படித்தது அதுதான் முதல் தடவை.

நசிகே கோப்பைகளைக் கூடையிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கியிருக்கிறாள்.

பென்சில் கட்டையாகிவிட்டது. சந்தையில் புதிது வாங்கி, வருகிற ஞாயிறு எழுத்தைக் கோட்டுக்குள் நிறுத்திப் பார்க்கிறேன்.