பள்ளிக்கூடம் முளைத்த பள்ளம்

21-11-2005, திங்கள்

காலையிலிருந்து தூறல். வேங்கிக்கால் ஸ்டாப்பில் இறங்கியதும் செருப்பு அறுந்தது. கலெக்டர் ஆபீசில் எங்கள் வரைபட அறைக்குள் அதைவிடக் குளிர். ஏ.சி. கம்ப்யூட்டருக்காம், எங்களுக்கில்லை.

பேரிடர் வரைபடம் மூன்றாம் முறையாக அச்சு. அதிகாரிக்கு நீலம் பிடிக்கவில்லை. "ஏரியெல்லாம் கொஞ்சம் பளிச்சுனு போடும்மா. வியாழக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து டீம் வருது." கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் ஜி.ஐ.எஸ். என்பதைக் கலர் ஜெராக்ஸுக்குப் பெரியண்ணன் என்று நினைத்திருக்கிறார். இந்த ஆளுக்கு ஜீப் வேறு.

வாங்க: செருப்பு, கொசுவத்தி, அக்கா குழந்தைக்கு ஸ்வெட்டர்.

22-11, செவ்வாய்

மழை ஜாஸ்தி. மதியம் வேலை இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் அக்கா ஊரை ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்தேன், சும்மா. ஏரிக்குக் கீழே ஒரு பச்சைப் புள்ளி. 'பள்ளி. நிவாரண முகாம்.'

அங்கே ஏது பள்ளி? பழைய கிராம வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் 'பள்.' என்று இருக்கிறது. பள்ளம். எருமை படுக்கும் இடம். சென்னைக் கம்பெனி மேதைகள் அதைப் பள்ளி என்று படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். கூரை, கழிப்பறை, குடிநீர் எல்லாம் உண்டாம்!

அதிகாரியிடம் சொன்னேன்.

"சேட்டிலைட்ட விட உனக்கு ஜாஸ்தி தெரியுமா?"

சேட்டிலைட்டுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது சார் என்று வாய்வரை வந்தது.

"பிரிண்ட் ஆயிடுச்சும்மா. டீம் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

மழையிடமும் சொல்லிவைக்க வேண்டியதுதான்.

23-11, புதன்

விடாத மழை. பக்கத்து வீட்டு செல்லிலிருந்து அக்கா. "வூட்டுக்குள்ள முட்டி அளவு தண்ணிடி. ஊரே கோயில் மேட்டுல நிக்குது. பாப்பாவுக்கு உடம்பு கொதிக்குது. வண்டி அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, ஒண்ணையும் காணோம்."

வண்டி போகாமல் இல்லை. ரொட்டி, தார்ப்பாய், நர்சம்மா, எல்லாம் நேராகப் பச்சைப் புள்ளிக்கு. டிரைவர் வெளியூர், கையில் எங்கள் வரைபடம். பள்ளத்தில் இறங்கி அச்சு வரை சேறு.

கோயில் மேட்டுக்கு வேறு வண்டி அனுப்புங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். "பிளான்ல கோயில் இல்லியேம்மா."

சாயங்காலம் டிராக்டர் கட்டி இழுத்தார்கள். வண்டி ரொட்டியோடு அப்படியே திரும்பி வந்தது. 'முகாமுக்கு வந்தவர்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போடச் சொன்னார். போட்டேன். போட்டதும் ஸ்கிரீனில் அக்கா ஊர் முழுக்கப் பச்சையாகிவிட்டது. பச்சை என்றால் பாதிப்பு இல்லை.

"பாத்தியா? ஒருத்தருக்கும் பாதிப்பில்ல. இதான் பிளானிங்." வாயில் பஜ்ஜி.

பாத்ரூமில் போய் அழுதேன். பாப்பாவுக்கு எட்டு மாதம்தான். பயமாக இருக்கிறது. இவர்கள்மேல் வரும் ஆத்திரத்தில் பயம்கூடச் சரியாகப் பட முடியவில்லை.

24-11, வியாழன்

மழை கம்மி. விடியும் முன்பே காய்கறி வேன் ஒன்றைப் பேசி அக்கா ஊருக்குப் போனேன். அக்கா, மாமா, பாப்பா மட்டும் என்றுதான் நினைத்தது. மேட்டில் நின்ற ஈரப் பிள்ளைகளைப் பார்த்தபின் எப்படி? வேன் கொண்ட மட்டும் ஏற்றினேன்.

முதலில் பெரிய ஆஸ்பத்திரி. பாப்பாவுக்கு ஊசி. "நல்லவேளை கொண்டாந்தீங்க. இனிமே நனைய வுடாதீங்க" என்றார் டாக்டர்.

எங்கே நனையாமல் வைப்பது? என் அறையில் மூன்று பேர் படுத்தால் நான்காவது ஆள் வாசலில். வேனை வேங்கிக்கால் ஆபீசுக்கு விடச் சொன்னேன்.

வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு, "நான் டீ குடிக்கப் போயிருந்தேன், தெரியுமில்ல?" என்று நிஜமாகவே போய்விட்டார். ஏ.சி.யை அணைத்தேன். வரைபடம் அச்சடிக்கும் பிளாட்டர் மேல் ஈரப் புடவைகள். அச்சடித்த வரைபடங்களைத் தரையில் விரித்தோம், நல்ல தடித்த காகிதம். பிள்ளைகள் படுத்ததும் தூங்கிவிட்டார்கள். பாப்பாவின் நெற்றியில் சூடு குறைந்திருந்தது.

பத்தரைக்கு டீம். முன்னால் அதிகாரி, கையில் சாமந்தி மாலை. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரும்மா இவங்கல்லாம்?"

"பாதிப்பில்லாதவங்க, சார்."