மூன்றாம் ஓலை

1913 ஜூன் 8, ஞாயிறு

விடியற்காலம் முதல் காற்று. பாளையங்கோட்டைப் புழுதி முழுவதும் என் சேலையில். சபைக் கோவிலில், ஆராதனை நடுவே, எங்கள் கலியாண ஓலை இரண்டாம் முறை வாசித்தாயிற்று; மூன்று ஞாயிறு வாசித்து யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கலியாணம். "ஹாலிஸ்புரம் ஞானமுத்துவுக்கும் இவ்வூர் அன்னம்மாளுக்கும்..." நான் பாடம் சொல்லும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை. செவ்வாய் கலியாணம். வியாழன் தூத்துக்குடியில் கப்பல். அவருக்கு இலங்கையில், கண்டித் தேயிலைத் தோட்டத்தில் கம்பவுண்டர் வேலை. லீவு அன்றோடு சரி.

வாங்க வேண்டியவை: தகரப்பெட்டி, கருப்பட்டி. கம்பளி வாங்கியாயிற்று (அங்கே குளிராம்).

ஜூன் 12, வியாழன்

தூறல். அவருடைய அண்ணன் சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்தார், அவர்கள் சபைச் சான்றுக் கடிதத்தோடு. அதில் ஊர்ப்பெயர் பெல்டன்புரம். அப்பா விழித்தார்.

"ஹாலிஸ் கவர்னர் சீமைக்குப் போயிட்டாரு மாமா. புதுக் கவர்னர் பேரை வச்சாத்தான் ரோடு கிடைக்கும்னு ஊர்க்கூட்டத்துல மாத்திட்டாவ."

ஹாலிஸுக்கு முன்னால் அது முள்ளிவிளை. ஆறு வருஷத்தில் மூன்று பெயர். ரோடு இன்னும் வரவில்லை.

ஜூன் 13

எங்கள் சபைப் பாதிரி ஐயர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஹாலிஸ்புரத்துக்காரருக்கு வாசிச்சது பெல்டன்புரத்துக்காரருக்குச் செல்லாது. முதல்லேருந்து வாசிக்கணும்."

அப்பா: "ஒரே ஆளுதானய்யா."

"எனக்குத் தெரியுது. ரிஜிஸ்தருக்குத் தெரியாதே."

மூன்று ஞாயிறு என்றால் 29. கப்பல் 19. லீவு நீட்டக் கேட்டுத் தந்தி.

ஜூன் 15

மறுபடி முதல் ஓலை. பிள்ளைகள் சிரிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கலியாணம் நடந்திருக்க வேண்டிய நாள். தோட்டத்துத் துரையின் பதில்: லீவு இல்லை. சாயங்காலம் அவர் விடைபெற வந்தார். எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அடுத்த லீவு எப்பம்?" அப்பா கேட்டார்.

"ரெண்டு வருஷம் ஆவும் மாமா." பிறகு என்னைப் பார்த்து, பைய: "கம்பளியை யாருக்கும் குடுத்துராத."

ஜூன் 19

கப்பல் போயிருக்கும். நான்காம் வகுப்பில் தேசப்படம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஒரு விரல் அகலந்தான். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். மொத்தம் நாலு தடவை பார்த்த மனுஷர். இப்போதே பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

தொடங்கியதை நிறுத்தக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால் மூன்றாம் ஓலையும் வாசித்தாயிற்று. பெல்டன்புரம் என்று ஐயர் அழுத்திச் சொன்னார். இவர்கள் சேர்வதற்குத் தடை அறிந்தவர் யாரும் உண்டோ என்று கேட்டார்.

கடல் இருக்கிறது என்று சொல்ல எழுந்தேன். அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.