டொலுவீனும் அகல் விளக்கும்

14 ஜூன் 1996, வெள்ளி. மைசூர்.

இன்று மாதேசை அறைந்துவிட்டேன். பெயிண்ட் ஆலையில் எனக்குக் கீழே கலவை வேலை பார்க்கிறவன், மார்டள்ளி என்கிற தமிழ்க் கிராமத்துக்காரன். வெள்ளிதோறும் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான், பெயிண்டைக் கரைக்கிற டொலுவீன் பீப்பாயைத் திறப்பான். இன்று வாளியில் ஊற்றும்போது ஆவி தரையோடு தவழ்ந்துபோய் விளக்கைத் தொட்டது. நெருப்பு பாய்ந்து வந்து அவன் கால்களைப் பிடித்தது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தேன். தோல் சாக்கோடு உரிந்து வந்தது. அப்புறமும் ஆத்திரம் அடங்காமல் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன்.

"நீங்க சொன்ன எடத்துலதானுங்கண்ணா வெச்சேன்" என்று அலறினான்.

உண்மைதான். ஆவி மேலேதான் போகும் என்று நினைத்து, போன வாரம் விளக்கை அலமாரியிலிருந்து தரைக்கு இறக்கச் சொன்னது நான். டொலுவீன் ஆவி காற்றைவிடக் கனமாம். மாலையில்தான் படித்தேன்.

மேனேஜரிடம் அவனுடைய கவனக்குறைவு என்று அதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளை போய் மாற்றி எழுதலாம். எழுதுவேனா?